நான்கு எண்கள்: செயற்கைக்கோள் வழிகாட்டியின் வரலாறு

செயற்கைக்கோள் வழிகாட்டி என்று பெயர் வந்துவிட்டாலும், செயற்கைக்கோள் யாருக்கும் வழி காட்டுவதில்லை. அதன் சிக்னலைக் கொண்டு கருவி கணக்கிட்டுச் சொல்வது நான்கே எண்கள்: அட்சரேகை, தீர்க்கரேகை, உயரம், நேரம். அந்த எண்களை வழியாக மாற்றும் வேலையைக் கப்பலும் விமானமும் காரும் தனித்தனியே செய்துகொள்ள வேண்டியிருந்தது. கப்பலுக்குத் தேவைப்பட்டது நல்ல கடல் வரைபடம். விமானத்துக்கு, எண் பொய்யானால் உடனே சொல்லிவிடும் ஏற்பாடு. காருக்கோ ஒவ்வொரு தெருவையும் அறிந்த கணினி. ஒரே சிக்னலுக்கு மூன்று வரலாறுகள் உண்டானது இப்படித்தான்.

மூத்தது கடலின் வரலாறு. 1957 அக்டோபர் 4 அன்று சோவியத் ஒன்றியம் ஸ்புட்னிக்கை ஏவியது. அமெரிக்காவில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தின் பயன்பாட்டு இயற்பியல் ஆய்வகத்தில் வேலை பார்த்த வில்லியம் கையர், ஜார்ஜ் வைஃபன்பாக் ஆகிய இருவரும் அது அனுப்பிய 'பீப்' ஒலியை ரேடியோவில் பிடித்துப் பதிவு செய்தார்கள். நெருங்கி வரும் ரயிலின் ஊதல் கீச்சென்றும், கடந்துபோன பின் தாழ்ந்தும் கேட்பதுபோல, கோள் நெருங்கும்போது அதிர்வெண் சற்றுக் கூடியது, விலகும்போது குறைந்தது. டாப்ளர் விளைவு எனப்படும் இந்த ஏற்ற இறக்கத்தை மட்டும் வைத்து, தரையில் ஓரிடத்தில் உட்கார்ந்தபடியே கோளின் பாதையை அவர்கள் கணக்கிட்டுவிட்டார்கள். 1958 மார்ச்சில் அதே ஆய்வகத்தின் ஃபிராங்க் மெக்ளூர் கணக்கைத் தலைகீழாகப் போட்டார். நிற்கும் இடம் தெரிந்தால் கோளின் பாதை கிடைக்கிறது என்றால், கோளின் பாதை தெரிந்தால் நிற்கும் இடம் கிடைக்க வேண்டுமே! போலாரிஸ் ஏவுகணைகளைச் சுமந்து திரியவிருந்த அமெரிக்க நீர்மூழ்கிக் கப்பல்களுக்கு அப்போது தேவைப்பட்டதும் அதுதான். தாம் இருக்கும் இடம் துல்லியமாகத் தெரியாவிட்டால் ஏவுகணையின் குறி தப்பும்.

இப்படிப் பிறந்த டிரான்சிட் அமைப்பின் முதல் கோள் 1960 ஏப்ரலில் சுற்றுப்பாதையை அடைந்தது. 1964 முதல் அமெரிக்கக் கடற்படை அதைப் பயன்படுத்தியது. 1967இல் வணிகக் கப்பல்களுக்கும் அது திறந்துவிடப்பட்டது. அதைப் பயன்படுத்தப் பொறுமை வேண்டும். கோள் ஒன்று அடிவானத்தில் எழுந்து மறுபக்கம் மறையும் கால் மணி நேரத்துக்குள் சிக்னலைப் பிடித்து, கப்பலின் வேகத்தையும் திசையையும் கணினியில் சேர்த்தால்தான் இடம் தெரியும். அடுத்த கோள் வர ஒரு மணி நேரமோ அதற்கு மேலோ ஆகலாம்; நிலநடுக்கோட்டின் பக்கம் காத்திருப்பு இன்னும் நீளும். வேகத்தை மணிக்கு ஒரு கடல்மைல் பிசகிச் சொன்னால் இடம் கால் கடல்மைல்வரை தள்ளிப்போகும். விமானத்துக்கு இது ஒத்துவரவில்லை. கால் மணி நேரத்தில் விமானம் ஒரு மாவட்டத்தையே தாண்டியிருக்கும்.

மாலுமிகளுக்கோ வானத்தைப் பார்த்துக் காத்திருப்பது பழகிய வேலை. சோழமண்டலக் கரையின் மாலுமிகள் 19ஆம் நூற்றாண்டிலும் முடிச்சுப் போட்ட கயிறு கோத்த ஒரு சிறு பலகையை வைத்திருந்தார்கள். கயிற்றைப் பல்லில் கடித்துக்கொண்டு பலகையைக் கண்ணுக்கு நேரே நீட்டி, அதன் கீழ்விளிம்பை அடிவானத்திலும் மேல்விளிம்பை வடமீனிலும் பொருத்துவார்கள். எந்த முடிச்சில் பொருந்துகிறதோ அந்த முடிச்சுக்குரிய துறைமுகத்தின் அட்சரேகையில் கப்பல் இருக்கிறது என்று பொருள். கோணம் அளக்கும் செக்ஸ்டன்ட் கருவி இதையே நுட்பமாகச் செய்தது. டிரான்சிட் வந்தபோது மேகமூட்டத்திலும் 'பார்க்க' முடிகிற ஒரு விண்மீன் கிடைத்ததாகவே கப்பல் அதிகாரிகள் எடுத்துக்கொண்டார்கள். கடைசியில் 1996 டிசம்பர் 31 அன்று அதன் வழிகாட்டிச் சேவை நிறுத்தப்பட்டது.

இடைவிடாமல் இடம் சொல்லும் அமைப்புக்கான திட்டங்களை 1960களில் அமெரிக்கக் கடற்படையும் விமானப்படையும் தனித்தனியே வளர்த்துவந்தன. 1973 செப்டம்பரில் தொழிலாளர் தின விடுமுறையின்போது பென்டகனில் கூடிய ஒரு குழு அவற்றை ஒன்றாக்கியது. தலைமை தாங்கியவர் விமானப்படை அதிகாரி பிராட்ஃபோர்டு பார்க்கின்சன். அதன் விளைவுதான் ஜி.பி.எஸ். முதல் கோள் 1978 பிப்ரவரியில் ஏவப்பட்டது. இங்கே அடிப்படை டாப்ளர் அல்ல, நேரம். ஏறத்தாழ 20,200 கி.மீ. உயரத்தில் சுற்றும் ஒவ்வொரு கோளும் 'என் கடிகாரத்தில் இப்போது மணி இது, நான் இருக்கும் இடம் இது' என்று ஓயாமல் சொல்லிக்கொண்டிருக்கிறது. அந்தச் செய்தி தரைக்கு வர எடுக்கும் நேரம் ஒரு நொடியில் பதினைந்தில் ஒரு பங்கு அளவு. அதை ஒளியின் வேகத்தால் பெருக்கினால் தூரம். மூன்று கோள்களின் தூரம் தெரிந்தால் இடம் தெரிந்துவிட வேண்டும். ஆனால் கையிலுள்ள கருவியின் மலிவான கடிகாரம் பிசகும், மைக்ரோ நொடி ஒன்று தவறினாலே 300 மீட்டர் போய்விடும். அந்தப் பிசகைக் கண்டுபிடித்துக் கழிக்கத்தான் நான்காவது கோள். கோள்களிலுள்ள அணுக்கடிகாரங்களும் தரையில் உள்ளவற்றைவிட நாளொன்றுக்கு 38 மைக்ரோ நொடி வேகமாக ஓடும் என்பது ஐன்ஸ்டீனின் சார்பியல் தரும் கணக்கு. ஆகவே ஏவுவதற்கு முன்பே அவற்றைச் சற்று மெதுவாக ஓடும்படி வைத்துவிடுகிறார்கள். அப்படிச் செய்யாவிட்டால் பிழை ஒரே நாளில் 11 கி.மீ. அளவுக்கு ஏறிவிடும்.

1983 செப்டம்பர் 1 அன்று ஆங்கரேஜிலிருந்து சியோலுக்குப் பறந்த கொரியப் பயணிகள் விமானம் 007, பாதையிலிருந்து மெல்ல விலகிச் சோவியத் வான்வெளிக்குள் போய்ச் சகாலின் தீவருகே சுட்டு வீழ்த்தப்பட்டது. 269 பேர் இறந்தார்கள். தானியங்கிக் கருவி திசைகாட்டியின் ஒரே திசையைப் பிடித்தபடி பறந்ததை விமானிகள் கவனிக்கவில்லை என்பதே பின்னாளைய விசாரணையின் முடிவு. சில நாள்களில் அமெரிக்க அதிபர் ரீகன், ஜி.பி.எஸ். தயாரானதும் உலகின் எல்லா விமானங்களும் அதை இலவசமாகப் பயன்படுத்தலாம் என்று அறிவித்தார். பொதுமக்களுக்கு ஜி.பி.எஸ். கிடைத்தது இந்தத் துயரத்தால்தான் என்று பல புத்தகங்கள் எழுதுகின்றன. அது பாதி உண்மைதான். பொதுப் பயன்பாட்டுக்கான தனி சிக்னல் தொடக்கத்திலிருந்தே திட்டத்தில் இருந்தது. நில அளவையாளர்கள் 1982லேயே கருவி வாங்கத் தொடங்கியிருந்தார்கள். 1983 மே மாதத்தில் சேபர்லைனர் விமானம் ஒன்று ஐயோவா மாநிலத்திலிருந்து பாரிஸ்வரை ஜி.பி.எஸ். துணையோடு பறந்தும் காட்டியிருந்தது. வானில் அப்போது கோள்கள் குறைவு. ஆகவே போதுமான கோள்கள் தென்படும் நேரத்தில் மட்டும் பறந்து, மற்ற நேரத்தில் வழியிலுள்ள விமான நிலையங்களில் அது காத்துக் கிடந்தது.

இலவசம் என்றாலும் கொடுத்ததில் கலப்படம் இருந்தது. 1990 மார்ச் முதல் பொது சிக்னலில் வேண்டுமென்றே பிழை சேர்க்கப்பட்டது; கருவி காட்டும் இடம் 100 மீட்டர்வரை தள்ளிப்போகலாம். அதே ஆண்டில் வளைகுடாப் போருக்கான ஏற்பாடுகள் தொடங்கியபோது இராணுவக் கருவிகள் போதவில்லை. கடைக் கருவிகளை ஆயிரக்கணக்கில் வாங்கிப் பாலைவனத்துக்கு அனுப்பிய அமெரிக்க இராணுவம், தன் வீரர்களுக்காகவே அந்தப் பிழையைத் தற்காலிகமாக நிறுத்த நேர்ந்தது. இன்னொரு வேடிக்கை, அமெரிக்கக் கடலோரக் காவல்படையின் வேலை. இடம் துல்லியமாகத் தெரிந்த கரை நிலையங்களில் ஜி.பி.எஸ். கருவிகளை வைத்து, ஒவ்வொரு கணமும் பிழை எவ்வளவு என்று அளந்து கப்பல்களுக்கு ஒலிபரப்பியது அது. ஒரே அரசின் ஒரு துறை சேர்த்த பிழையை இன்னொரு துறை செலவு செய்து கழித்துக்கொண்டிருந்தது. 2000 மே மாதத் தொடக்கத்தில் அதிபர் கிளின்டனின் உத்தரவால் பிழை சேர்ப்பது நின்றது. உலகெங்கும் இருந்த பழைய கருவிகள் புது பாகம் எதுவும் இல்லாமலே ஒரே இரவில் பத்து மடங்கு துல்லியமாயின.

கையடக்கக் கருவிகள் 1989இல் மெகல்லன் நிறுவனம் வெளியிட்ட என்.ஏ.வி. 1000இல் தொடங்குகின்றன, விலை சுமார் 3,000 டாலர். முதலில் வாங்கியவர்களில் படகுக்காரர்கள் நிறையப் பேர். கப்பல்களின் மேல்தளத்தில் ஜி.பி.எஸ். நிலைபெற்ற வேகத்திலேயே அதன்மேல் கண்மூடித்தனமான நம்பிக்கையும் வளர்ந்தது. 1995 ஜூன் 9 அன்று பெர்முடாவிலிருந்து பாஸ்டனுக்குப் புறப்பட்ட ராயல் மெஜஸ்டி என்ற உல்லாசக் கப்பலில் 1,509 பேர் இருந்தார்கள். புறப்பட்டு ஒரு மணி நேரத்துக்குள் ஜி.பி.எஸ். ஆன்டெனாவின் கம்பி இணைப்பிலிருந்து கழன்றுவிட்டது. கருவி நின்றுபோகவில்லை, கடைசியாகத் தெரிந்த இடத்திலிருந்து வேகத்தையும் திசையையும் வைத்து உத்தேசக் கணக்குப் போடத் தொடங்கியது. காற்றும் நீரோட்டமும் கப்பலைத் தள்ளுவது அந்தக் கணக்கில் சேரவில்லை. திரையின் மூலையில் உத்தேசக் கணக்கைக் குறிக்கும் இரண்டு சிறிய எழுத்துகள் தோன்றியதை யாரும் பொருட்படுத்தவில்லை. மணிக்கு மணி அதிகாரிகள் கருவி சொன்ன இடத்தையே வரைபடத்தில் குறித்தார்கள். பக்கத்திலேயே லோரான் என்ற இன்னொரு கருவி வேறு இடத்தைச் சொல்லிக்கொண்டிருந்தது. இரண்டையும் ஒப்பிட்டுப் பார்க்கவில்லை. எதிர்பார்த்த மிதவைக்குப் பதில் வேறொரு மிதவை ரேடாரில் தெரிந்தபோதும் அதையே இதுவென்று எடுத்துக்கொண்டார்கள். மறுநாள் இரவு பத்தரை மணிக்குச் சற்று முன், பாதையிலிருந்து 17 மைல் விலகி, நான்டக்கெட் தீவின் கிழக்கே மணல்திட்டில் கப்பல் ஏறி நின்றது. யாருக்கும் காயமில்லை. கப்பல் அதிகாரிகளுக்கான பயிற்சி வகுப்புகளில் இன்றும் இந்தச் சம்பவம் பாடமாக இருக்கிறது.

எண் சரியாக இருந்தும் வரைபடம் தவறாக இருந்த இடங்கள் இன்னும் அதிகம். உலகின் பல கடல் வரைபடங்கள் 19ஆம் நூற்றாண்டு அளவைகளின்மேல் கட்டப்பட்டவை. இந்தியாவின் பெரும் முக்கோண நில அளவை 1802இல் சென்னைப் பரங்கிமலையருகே வில்லியம் லாம்டன் அளந்த அடிக்கோட்டில் தொடங்குகிறது. அதன் தொடர்ச்சியாக ஜார்ஜ் எவரெஸ்ட் 1830இல் வகுத்த பூமியின் வடிவத்தை இந்திய வரைபடங்கள் நெடுங்காலம் பின்பற்றின. ஜி.பி.எஸ். பின்பற்றும் வடிவமோ வேறு. இரண்டுக்கும் நடுவே இடங்கள் நூறு மீட்டர் கணக்கில் நகர்ந்துவிடும். துறைமுக வாயிலில் இது கப்பலைத் தரைதட்ட வைக்கப் போதும். அதனால் பழைய வரைபடங்களின் ஓரத்தில், செயற்கைக்கோள் சொல்லும் இடத்தை இத்தனை நிமிடப் பின்னம் நகர்த்திக் குறிக்க வேண்டும் என்ற குறிப்பு அச்சிடப்பட்டது. புதிய அடிப்படைக்கு வரைபடங்களை மாற்றும் வேலை பல ஆண்டுகள் நடந்தது. 2012 முதல் 2018 வரை படிப்படியாகப் பெரிய கப்பல்களில் மின்னணு வரைபடம் கட்டாயமாயிற்று.

பாக் நீரிணையில் ஜி.பி.எஸ். வேறொரு வேலையும் செய்கிறது. 1974இல் இந்தியாவும் இலங்கையும் செய்துகொண்ட ஒப்பந்தம் கடல் எல்லையை ஆறு புள்ளிகளின் அட்சரேகை, தீர்க்கரேகைகளால் வரைந்தது. தண்ணீரில் அந்தக் கோடு தெரியாது. மன்னார் வளைகுடாவின் கடலடித் திட்டுகளான முத்துப் பார்களையும் மீன் கிடைக்கும் பார்களையும் கரையோர மக்கள் அடையாளம் கண்டது கோயில் கோபுரம், மாதா கோயில் உச்சி, பனங்கூட்டம், மலைமுகடு இவற்றை ஒன்றுக்கு நேர் ஒன்றாக வைத்துப் பார்த்துத்தான். கரை மறைந்தால் அந்தக் கணிப்பும் மறைந்துவிடும். விசைப்படகுகளில் ஜி.பி.எஸ். வந்த பிறகு அப்பாவிடமிருந்து மகன் பல ஆண்டுகள் கூடவே போய்க் கற்ற பார், கருவியில் சேமிக்கும் ஓர் எண்ணாகிவிட்டது. எண்ணைப் பக்கத்துப் படகுக்காரர் நகல் எடுத்துக்கொள்ளலாம் என்பதால் அதை ஒளித்து வைப்பதும் தொழிலின் பகுதியாயிற்று. கோட்டைத் தாண்டினாரா இல்லையா என்ற வழக்கிலும் கருவியே பேசுகிறது.

2017 நவம்பர் இறுதியில் ஒக்கிப் புயல் வந்தபோது கன்னியாகுமரிக் கரையின் ஆழ்கடல் மீனவர்களுக்குத் தம் இடம் தெரிந்திருந்தது, புயல் வருவதுதான் தெரியவில்லை. கைப்பேசிக் கோபுரத்தின் எட்டுக்கு அப்பால் எச்சரிக்கை போய்ச் சேர வழியே இல்லை. 2019இல் வெளியான ஜெமினி என்ற கருவி, விமானங்களுக்காக அமைத்த ககன் செயற்கைக்கோள்கள் வழியாகவே வானிலைச் செய்தியைப் படகுக்குக் கொண்டுவருகிறது. அதில் செய்தி வரும். படகிலிருந்து பதில் போகாது.

அந்தக் ககன் வானத்தின் பிரச்சினைக்குக் கண்ட விடை. பயணப் பாதையில் பறக்கும் விமானத்துக்குச் சில நூறு மீட்டர் பிழை ஒன்றும் செய்யாது. மேகத்துக்குள் ஓடுபாதையை நோக்கி இறங்கும்போது நிலைமை வேறு. கோள்கள் எல்லாமே தலைக்கு மேலேதான் இருக்கின்றன, காலுக்குக் கீழே ஒன்றும் இல்லை, ஆகவே ஜி.பி.எஸ். சொல்லும் எண்களில் மிகப் பலவீனமானது உயரம். இறங்கும் விமானிக்கு வேண்டியதோ அதுதான். அதைவிடக் கவலையானது, ஒரு கோள் தவறான நேரத்தைச் சொன்னால் அதை யார் கண்டுபிடிப்பது என்பது. முதல் தீர்வாகக் கருவிகள் ஐந்தாவது கோளையும் கேட்டுக் கணக்கைச் சரிபார்த்தன; ஒன்றோடொன்று பொருந்தாவிட்டால் விமானிக்கு எச்சரிக்கை வரும். 1996இல் அலாஸ்கா ஏர்லைன்ஸ் இருபுறமும் மலை நெருக்கும் ஜூனோ நகரின் நீர்வழியினூடே, வளைந்து வளைந்து இறங்கும் பாதையை ஜி.பி.எஸ். கொண்டு வகுத்தது. தரையில் வைக்கும் பழைய ரேடியோ நிலையங்களால் நேர்க்கோட்டைத்தான் காட்ட முடியும்.

அடுத்த தீர்வு, நாடெங்கும் கண்காணிப்பு நிலையங்கள் வைத்து, திருத்தத்தையும் 'இந்தக் கோளை நம்பாதே' என்ற எச்சரிக்கையையும் சில நொடிகளுக்குள் இன்னொரு செயற்கைக்கோள் வழியே விமானத்துக்கு அனுப்புவது. அமெரிக்காவில் இது 2003 ஜூலையில் நடைமுறைக்கு வந்தது. இந்தியாவில் இந்திய விமான நிலைய ஆணையமும் இஸ்ரோவும் சேர்ந்து அமைத்ததுதான் ககன்: 15 தரை நிலையங்கள், ஜிசாட்-8, ஜிசாட்-10 கோள்கள். வேலை இங்கே கடினம். காந்த நடுக்கோட்டை ஒட்டிய வானின் அயனி மண்டலம் சூரியன் மறைந்த பிறகு கொந்தளிக்கும். வடக்கு நாடுகளுக்கு எழுதிய திருத்தக் கணக்கு இந்தியாவுக்குப் பொருந்தவில்லை. செங்குத்து வழிகாட்டலோடு தரையிறங்கும் தகுதி 2015இல் கிடைத்தது. 2022 ஏப்ரல் 28 அன்று இண்டிகோவின் ஏ.டி.ஆர். விமானம் ஒன்று ராஜஸ்தானின் கிஷன்கட் நிலையத்தில் ககன் துணையோடு இறங்கியது.

கோளிலிருந்து வரும் சிக்னல் மிகப் பலவீனமானது. தரையிலிருந்து கொஞ்சம் உரக்கப் பேசினாலே அமுங்கிவிடும். உக்ரைன் போர் தொடங்கிய பிறகு கருங்கடல், பால்டிக், கிழக்கு மத்தியதரைக் கடல் பகுதிகளில் சிக்னலை அடைப்பதும் பொய் சிக்னல் அனுப்புவதும் வாடிக்கையாகிவிட்டது. எஸ்தோனியாவின் டார்ட்டு நகரில் ஜி.பி.எஸ். தவிர வேறு தரையிறங்கு வழி இல்லாததால் 2024 ஏப்ரல் இறுதியில் ஃபின்ஏர் ஒரு மாதத்துக்கு அங்கே பறப்பதை நிறுத்திவைத்தது. மூடிவிட நினைத்திருந்த பழைய ரேடியோ நிலையங்களில் ஒரு பகுதியைப் பல நாடுகள் விட்டுவைத்திருக்கின்றன.

மற்றவர் கையிலுள்ள சிக்னலை நம்ப விரும்பாத நாடுகள் தமக்கென அமைப்புகளை உருவாக்கின. ரஷ்யாவின் குளோனாஸ் 1982இல் தொடங்கி, பணமின்றித் தேய்ந்து, 2011இல் முழு எண்ணிக்கையை மீண்டும் எட்டியது. ஐரோப்பாவின் கலிலியோ 2016இலும், உலகளாவிய சீனப் பெய்டோ 2020இலும் சேவைக்கு வந்தன. மாலுமி என்று பொருள்படும் வடசொல்லைப் பெயராகக் கொண்ட இந்தியாவின் நாவிக், இந்தியாவையும் சுற்றுப்புறத்தையும் மட்டும் நோக்கும் ஏழு கோள் அமைப்பு. முதல் கோள் 2013இலும் ஏழாவது 2016இலும் போயின. அதைத் தளரவைத்தவை வெளிநாட்டில் வாங்கிய அணுக்கடிகாரங்கள். முதல் கோளின் மூன்று கடிகாரங்களும் பழுதாயின. மாற்றாக 2017இல் ஏவிய கோள் ராக்கெட்டின் மூடி திறக்காமல் உள்ளேயே சிக்கியது. உள்நாட்டுக் கடிகாரத்தோடு முதல் கோள் 2023 மே மாதம் போயிற்று.

காரின் வரலாறு செயற்கைக்கோள் இல்லாமலே தொடங்குகிறது. 1981இல் ஹோண்டா விற்ற கருவியில் ஹீலியம் வாயுப் பாய்ச்சலை வைத்துத் திருப்பத்தை உணரும் சுழல்மானி ஒன்று இருந்தது. ஓட்டுநர் கண்ணாடித்தாள் போன்ற வரைபடத்தைத் திரைக்கு முன் செருகி, புறப்படும் இடத்தைக் குறித்துக் கொடுத்தால், ஒளிப்புள்ளி நகரும். ஊர் மாறினால் தாளையும் மாற்ற வேண்டும். 1985இல் கலிஃபோர்னியாவில் வந்த ஈடாக் வரைபடத்தைக் கேசட்டில் பதிந்து கொடுத்தது. அதை உருவாக்கிய ஸ்டான் ஹனி பந்தயப் பாய்மரப் படகுகளில் வழி கணிப்பவர். பணம் போட்டவர் அடாரி நிறுவனர் நோலன் புஷ்னெல். பெயர் பசிபிக்கின் கரோலின் தீவுகளிலிருந்து வந்தது. படகு அசையாமல் நிற்கிறது, தீவுகள்தான் நகர்ந்து போகின்றன என்று வைத்துக் கணக்கிடுவது அத்தீவினரின் முறை. ஈடாக்கின் திரையிலும் கார் நடுவில் நிலையாக நிற்க, வரைபடம் சுழன்றது. சக்கரத்தின் சுற்றும் திசைகாட்டியும் சொல்வதைத் தெருவின் வடிவத்தோடு பொருத்திப் பிழையைத் திருத்தும் உத்தியும் அதில் இருந்தது. காரால் வயலுக்குள் போக முடியாது, ஏதோ ஒரு தெருவில்தான் இருந்தாக வேண்டும் என்பதே அந்த உத்தியின் அடிப்படை.

ஜி.பி.எஸ். பொருத்திய முதல் கார் 1990இல் ஜப்பானில் வந்த மஸ்தாவின் யூனோஸ் காஸ்மோ. ஜப்பானில் பெரும்பாலான தெருக்களுக்குப் பெயரே கிடையாது, முகவரி வட்டாரத்தின் எண்ணால் சொல்லப்படும். கருவிக்கு அங்கே இருந்த தேவை சொல்லாமலே விளங்கும். 2000இல் பிழை சேர்ப்பது நின்ற பிறகு, இணையாக ஓடும் இரண்டு சாலைகளில் கார் எதில் இருக்கிறது என்று சொல்ல முடிந்தது. 2004இல் டாம்டாம் கோ போன்ற, கண்ணாடியில் ஒட்டும் தனிக்கருவிகள் பரவின. 2009 அக்டோபரில் கூகுள் ஆண்ட்ராய்டு கைப்பேசிகளில் திருப்பத்துக்குத் திருப்பம் வழி சொல்லும் வசதியை இலவசமாகக் கொடுத்தது. அன்றே கார்மின், டாம்டாம் பங்குகள் கடுமையாகச் சரிந்தன.

இந்தியாவில் தடையாக இருந்தது சிக்னல் அல்ல, வரைபடம். விரிவான வரைபடங்கள் பாதுகாப்புக் காரணங்களால் கட்டுப்படுத்தப்பட்டிருந்தன. அந்த விதிகள் 2021 பிப்ரவரியில்தான் தளர்ந்தன. 1995இல் தொடங்கிய மேப்மைஇண்டியா போன்றவர்கள் தெருத்தெருவாகப் போய்ப் பதிவு செய்தார்கள். சென்னையின் ஒரே வீட்டுக்குப் பழைய எண், புதிய எண் என்று இரண்டு இருக்கும். அடுத்த தெருவில் அதே எண் இன்னொரு வீட்டுக்கு இருக்கும். இங்கே வழி கேட்பவருக்கு டீக்கடைக்காரர் சொல்வது எண் அல்ல, 'பிள்ளையார் கோயில் தாண்டி லெஃப்ட்'. 2009இல் கூகுள் தன் இந்திய வரைபடத்தில் தெருப்பெயருக்குப் பதில் கடை, கோயில், பெட்ரோல் பங்க் போன்ற அடையாளங்களைச் சொல்லி வழிகாட்டும் முறையைச் சேர்த்தது.

கத்திப்பாரா போன்ற மேம்பாலங்களில் கார் மேலே போகிறதா, கீழே போகிறதா என்பதைக் கருவி இன்னும் அடிக்கடி குழப்பிக்கொள்கிறது. விமானிக்குத் தொல்லை தந்த அதே பலவீனமான எண்தான் இங்கும் காரணம். சுரங்கப்பாதைக்குள் நான்கு எண்களும் நின்றுபோகின்றன. அப்போது காரின் சக்கர உணரியும் நகத்தளவு சிலிக்கான் சுழல்மானியும் சேர்ந்து, 1981இல் ஹோண்டாவின் ஹீலியம் கருவி செய்த கணக்கையே மறுமுனைவரை போட்டுக்கொண்டு வருகின்றன.